வருணனுக்கு வேண்டப்பட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில், புணேயை விட்டு முல்ஷி மலைகளின் பக்கம் போகிற சாலையில் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றால், முன்பெல்லாம் எங்கோ ஒரு லாரி கவிழ்ந்திருக்கிறது என்று பொருள். இந்த ஆண்டு அப்படியில்லை. ஒரு மனிதர் தண்ணீரில் மூழ்காமல் இருக்கிறார் என்று பொருள்.

மூழ்காமல் இருப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். தக்கை மூழ்குவதில்லை. போன வாரம் யாரோ எறிந்த பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் மூழ்கவில்லை. ஆனால் தக்கை காவி உடுத்துவதில்லை. பாட்டில் அருள்வாக்குச் சொல்வதில்லை. ஆகையால் அவற்றைப் பார்க்க யாரும் பெட்ரோல் செலவழித்து வருவதில்லை.

அவர் பெயர் ஜலஸ்தம்ப அச்சுதானந்த சுவாமிகள். அதற்கு முன்னால் வெறும் அச்சுதன். அதற்கும் முன்னால் எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு கொடுப்பதென்றால் போலீஸ் சான்றிதழ் கேட்கிற ஊர் இது. உயிரைக் கொடுப்பதற்கு ஒன்றும் கேட்பதில்லை.

மலைகளுக்கு நடுவே ஒரு பழைய அணைத் தேக்கம். மழைக்காலம் முடிந்த கையோடு தண்ணீர் விளிம்புவரை நின்று, வானத்தைத் தன் வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதன் நடுவுக்குச் சுவாமிகளைப் படகில் கொண்டுபோவார்கள். அவர் எழுந்து நிற்பார். தொளதொளத்த காவி அங்கி, கழுத்து நிறைய உருத்திராட்சம். "வருணா!" என்று ஒரு கூவல். அப்படியே தண்ணீருக்குள் விழுவார்.

கரையில் மூச்சு நிற்கும். குமிழிகள் வரும். பிறகு, ஆஹா, சுவாமிகள் மேலே வருவார்! நீந்த மாட்டார். கை அசையாது, கால் அசையாது. கண்ணை மூடி மல்லாந்து கிடப்பார். அவ்வளவு தூரத்தில் கரைக்குத் தெரிவது, மார்பு அங்கிக்குள் குடம்போல் உப்பியிருப்பது மட்டும்தான். "பிராணனை மார்பில் நிறுத்திவிட்டார்!" என்று சீடர்கள் ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். கரையில் சீடர்கள் மந்திரித்த கயிறு விற்று முடிகிறவரை மிதப்பார். அதற்குப் பிறகு மிதக்கவேண்டிய அவசியம் என்ன?

படகில் ஏற்றியதும் கனமான சால்வையில் சுற்றுவார்கள். சால்வைக்குள்ளிருந்து ஒரு கை நீளும். கை விரிந்தால் உள்ளே ஒரு சின்ன எஃகுக் கலசம். விரல் நீளம், பளபளப்பு, ஒரு முனை குறுகல். வருணன் நீரடியில் வைத்துக் கொடுத்த பிரசாதமாம். ஒரு தடவை மிதந்தால் ஒரே ஒரு கலசம்தான். வருணனும் கணக்காகத்தான் கொடுக்கிறான். அது அங்கேயே ஏலம் போகும்.

ஏலம் எடுக்க முடியாதவர்களுக்குக் கயிறு. நீல நிறம், ஒன்பது முடிச்சு, பெயர் வருணக் கயிறு. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் தண்ணீரில் சாவு இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். கயிறு கட்டியவர் லைஃப் ஜாக்கெட் போடக் கூடாது.

இந்த நிபந்தனையைப் புணே மகர்பட்டாவின் மென்பொருள் மூளைகள் எப்படி விழுங்கின என்று கேட்பீர்கள். சுவாமிகள் ஆள் பார்த்து அளந்துபோடுகிறவர்.

"உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா என்ன ஆகும் குழந்தைகளே?" என்று கேட்டார்.

"ஹேங் ஆகும் சாமி!" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

"கயிறும் ஜாக்கெட்டும் அதேதான்."

அவ்வளவுதான். மூன்று பட்டம் வாங்கியவர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த மூளைகளில் சில தமிழ் மூளைகள் சேர்ந்து ஒரு படகுக் குழு வைத்திருந்தன. தலைவர் கோகுல்நாத். அலுவலகத்தில் நாற்பது பேரை மேய்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமையிலும் மேய்க்க ஆள் வேண்டுமே என்று குழு ஆரம்பித்தார். செயலாளர் ஹரீஷ். சென்னைக்காரன், நல்லவன், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம். கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு இரண்டு, ஒரு காற்றடைத்த ரப்பர் படகு, ஒரு மோட்டார் படகு எல்லாம் பங்குபோட்டு வாங்கி, தேக்கத்தின் கரையில் ஜம்புவின் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். ஜம்பு புணேயின் கட்கிப் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்து இந்தியில் திரும்பி மராட்டியில் நிறுத்துகிறவன்.

ஆரம்பத்தில் குழு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைகளுக்குச் சின்ன அளவில் தனியாக. விசில்கள். எறிவதற்குக் கயிறு கட்டிய மிதவை வளையம். டார்ச், முதலுதவிப் பெட்டி, மோட்டார் படகுக்குத் தீயணைப்பான். எல்லாம் ஹரீஷின் மனைவி பார்கவி பார்த்துப் பார்த்து வாங்கியவை. பார்கவி கோயம்புத்தூர்க்காரி. மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். இலவசமாகக் கண்டுபிடித்தால்தான் பிரச்சினை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

காருக்கும் பைக்குக்கும் பூஜை போடுகிறோம், படகுக்குப் போடக் கூடாதா? போடலாம். ஒரு சிக்கல் மட்டும் வந்தது. படகுக்குச் சக்கரம் இல்லை. எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைத்து நசுக்குவது? குழுவில் அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் சுவாமிகளையே அழைத்தார்கள். அவர் வந்தார். பழத்தைத் தன் காலால் நசுக்கினார். பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். ஜாக்கெட்டுகள் கண்ணில் பட்டன.

"இதெல்லாமும் ஆயுதம்தானே? பூஜையில வைங்க."

வைத்தார்கள். ஜாக்கெட்டுகளை மேடையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மிதவை வளையத்துக்குச் சாமந்தி மாலை. ஏற்கெனவே மாலை வடிவம்தான், இருந்தாலும் போட்டார்கள். தீயணைப்பானுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். விசில்கள் வெற்றிலைமேல் உட்கார்ந்தன.

மறுநாள் ஹரீஷ் ஜாக்கெட்டை எடுக்கப் போனான். சுவாமிகள் கையைத் தடுத்தார்.

"பூஜையில வெச்சதைச் சொல்லாம எடுக்கலாமா? புஸ்தகத்தை எடுப்பீங்களா? நான் சொல்றவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

நியாயம்தானே! சரஸ்வதி பூஜையில் அடுக்கிய புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்த கூட்டம். எல்லாரும் தலையாட்டினார்கள். புத்தகம் பூஜையில் இருந்தால் பாடம்தான் நஷ்டம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றுமுதல் ஜாக்கெட்டுகள் மாலையோடு மேடையில் இருந்தன. மனிதர்கள் கயிற்றோடு தண்ணீரில் இருந்தார்கள்.

அடுத்து ஓர் அற்புதம் நடந்தது. கோகுல்நாத் கயாக்கில் நின்றபடி செல்ஃபி எடுத்தார். தேக்கம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு நாவல்களில் தண்ணீரில் மூழ்குகிற பாத்திரங்கள் கடைசியாக வாழ்க்கையைப் பற்றி ஏதாவது அழகாக நினைப்பார்கள். கோகுல்நாத் நினைத்ததெல்லாம் "தண்ணி, தண்ணி" என்பதுதான். ஜம்பு துடுப்புப் படகில் பாய்ந்து போய், சணல் கயிறு ஒன்றை எறிந்து, மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துக் கரை சேர்த்தான். கோகுல்நாத் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தார். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா! கயிறு காப்பாத்திடுச்சு!"

"சாப், இழுத்தது நானு," என்றான் ஜம்பு.

"உன்னை அனுப்புனது யாரு?"

ஜம்பு யோசித்தான். அவனுக்கும் ஒரு பதில் தெரிந்திருந்தது. ஆனால் கயிற்று விற்பனையில் அவனுக்கும் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. "பரோபர், சரிதான் சாப், சாமிதான்," என்று சொல்லிவிட்டுத் தன் சணல் கயிற்றைச் சுருட்டி வைத்தான். சணல் கயிற்றுக்கு மந்திரம் தெரியாது. அதனால் அதற்கு ஒருவரும் மாலை போடவில்லை.

செய்தி பரவியது. ஆகுர்டியிலிருந்து, சாகணிலிருந்து, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சுவாமிகள் அடுத்த அறிவிப்பை விட்டார். வருகிற ஞாயிறு, குழந்தைகளுக்கு ஜலதீட்சை. மோட்டார் படகில் தேக்கத்தின் நடுவுக்குக் கொண்டுபோய், கயிறு கட்டி, ஒவ்வொரு குழந்தையையும் சுவாமிகள் தம் கையாலேயே தண்ணீரில் இறக்கி எடுப்பார். ஜாக்கெட் இல்லாமல். பிறகு ஆயுள் முழுக்கத் தண்ணீர்ப் பயம் இல்லை. முதல் குழந்தை யாருடையது?

"எங்க ஹர்ஷா சாமி," என்றான் ஹரீஷ்.

ஹர்ஷா இரண்டாம் வகுப்பு. குளியலறையில் ஷவரைத் திறந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற பெண்.

அன்று மாலை வீட்டில் பார்கவி கத்தவில்லை. அது ஹரீஷுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். அவன் வாங்கி வைத்துத் தொடாமலே இருக்கிற டம்பெல்லை எடுத்தாள். அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அவிழ்த்து அதில் கட்டினாள். பக்கெட்டில் போட்டாள்.

டம்.

"மூழ்கிடுச்சுங்க."

"அது உயிரில்லாத பொருள் பார்கவி. அதுக்கு நம்பிக்கை கிடையாது."

"சரி, உயிருள்ளது ஒண்ணு சொல்லுங்க, போட்டுப் பாக்கலாம். உங்க மேனேஜர்?"

"விளையாடாதே. கோகுல் பொழைச்சது கண்ணெதிர்ல நடந்தது."

"ஜம்பு இழுத்ததும் கண்ணெதிர்லதானுங்க நடந்தது. ஒரு பட்டன் கலர் மாத்துனாக்கூட ஒரு வாரம் டெஸ்ட் பண்ணாம விட மாட்டீங்க. புள்ளைய மட்டும் நேரா ரிலீஸ் பண்ணிருவீங்களா?"

"எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்துட்டேன். இப்ப மாட்டேன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

இந்த நாட்டில் பாதிப் பேயும் முக்கால்வாசிச் சாமியும் உயிரோடு இருப்பது இந்த ஒரு கேள்வியினால்தான்.

பார்கவி குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "குழந்தைகளுக்கு ஜாக்கெட் கட்டாயம். இல்லையென்றால் நிறுத்துங்கள்." உடனே ஒரு கூப்பிய கை வந்தது. பிறகு ஒரு தாமரை. பிறகு கோகுல்நாத், "எதிர்மறை எண்ணங்களைத் தவிர்க்கவும்" என்று எழுதி, அவளையே தவிர்த்துவிட்டார். குழுவிலிருந்து நீக்கம்.

நேரில் பேசலாம் என்று கோகுல்நாத்தின் மனைவி சாவித்ரியிடம் போனாள். சாவித்ரி அன்பான பெண். யார் எதைச் சொன்னாலும் முதலில் கண்ணில் நீர் வந்துவிடும். பார்கவியை நேரே பூஜை அறைக்கு அழைத்துப்போனாள். வெல்வெட் துணிமேல் வருணனின் கலசம். ஏலத்தில் எடுத்தது.

"தொட்டுப் பாரு பார்கவி. ஒரு குளிர்ச்சி தெரியும். உன் மனசு மாறிடும்."

பார்கவி தொட்டாள். எஃகு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கையில் எடுத்துத் திருப்பினாள். குறுகிய முனையின் நட்ட நடுவே ஒரு சின்னத் துளை.

"இது என்னங்க்கா ஓட்டை?"

"அதுவா? வருணனோட கண்ணாம். சாமி சொன்னாரு."

பார்கவி அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். அவள் சனிக்கிழமை காலைகளில் சைக்கிளில் மலையேறுகிறவள். வழியில் டயர் பஞ்சரானால் பம்பு அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்று ஒரு குட்டி வாயு உருளை உண்டு. தலையில் ஒரு குத்து. புஸ்ஸென்று மொத்த வாயுவும் ஒரே நொடியில் டயருக்குள். காலியான உருளையின் முனையில் இதே துளை இருக்கும். அவள் சைக்கிள் பையில் இப்படி இரண்டு வருணன்கள் கிடந்தார்கள். இது கொஞ்சம் பெரிய வருணன், அவ்வளவுதான்.

டயரை உப்பவைத்தால் இது கேஸ் உருளை. சுவாமிகளின் மார்பு உப்பினால் மட்டும் பிராணனா?

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தாள். பாய்மரப் படகுக்காரர்கள் போடுகிற ஒரு வகை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. காற்றில்லாமல் தோளில் பட்டைபோல ஒட்டிக்கிடக்கும். சட்டைக்குள் போட்டால் வெளியே தெரியாது. உள்ளே ஒரு வாயு உருளை, ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டதும் மாத்திரை கரையும், ஊசி குத்தும், ஜாக்கெட் உப்பும். மயங்கி விழுந்தவனையும் மல்லாத்தி முகத்தை மேலே தூக்கி நிறுத்தும். ஒவ்வொரு தடவைக்கும் புது உருளை போடவேண்டும். பழைய உருளையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பாவம், ஏலம் விடலாம் என்று அந்த முட்டாள்களுக்குத் தெரியவில்லை.

இப்போது வேறொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. ஆயுத பூஜையன்று ஒரு தூறல் விழுந்தது. எல்லாரும் நனைந்தார்கள். சுவாமிகள் மட்டும் "குடை, குடை!" என்று அலறிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார். வருணனுக்கு வேண்டப்பட்டவர், வருணன் நாலு துளி போட்டால் ஏன் ஓடவேண்டும்?

எல்லாவற்றையும் ஹரீஷிடம் சொன்னாள். அவன் கேட்டான். முகம் கொஞ்சம் வெளுத்தது. "ஒருவேளை அவர் உண்மையிலேயே…" என்று ஆரம்பித்தான்.

"ஒருவேளைன்னா ஒருவேளையே இருக்கட்டுங்க. ஞாயித்துக்கிழமை நான் ஒரே ஒரு டெஸ்ட் வெக்கிறேன். சாமி ஜெயிச்சா நானும் கயிறு கட்டிக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி புள்ள படகுல ஏறக் கூடாது. அதுக்காவது நில்லுங்க."

"நிக்கிறேன்," என்றான் ஹரீஷ். கடைசியாகப் பேசியது அவள்தானே.

ஞாயிறு வந்தது. கரை நிறையக் கூட்டம். வடா பாவ் கடைகள் போட்டிருந்தார்கள். மரணத்தை வெல்லப் போகிறவர்களுக்கும் பசிக்குமே! படகுத்துறைப் பலகைமேல் சுவாமிகள் அங்கியோடு ஜொலித்துக்கொண்டு நின்றார். அவர்தான் முதலில் மிதந்து காட்டவேண்டும், பிறகு குழந்தைகள். பின்னால் மேடையில் ஜாக்கெட்டுகள் வாடிய சாமந்தியோடு வரிசையாக வீற்றிருந்தன. அவற்றுக்கு வாய் இருந்தால் சிரித்திருக்கும்.

"முதல் குழந்தை வரட்டும்!" என்றார் கோகுல்நாத் ஒலிபெருக்கியில்.

ஹர்ஷா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "பப்பா, முஜே நஹீ ஜானா," என்றாள், போகமாட்டேன் என்று. பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். ஹரீஷ் அவள் தலையில் கையை வைத்தான். நகரவில்லை.

பார்கவி முன்னால் வந்து கும்பிட்டாள். கூட்டம் மகிழ்ந்தது. எதிர்மறை எண்ணம் திருந்திவிட்டது!

"சாமி, ஒரு சின்ன வேண்டுதலுங்க. குழந்தை ஒரு கவுனும் ஒரு கயிறும்தான் போட்டுட்டு எறங்கப் போவுது. உங்களுக்கும் ஒரு வேட்டி கொண்டாந்திருக்கேன். அங்கிய எடுத்துட்டு இந்த வேட்டியும் கயிறும் மட்டும் கட்டிட்டு எறங்கிக் காட்டுங்க. புள்ளைக்குப் பயம் போயிரும்."

சுவாமிகளின் புன்னகை அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர் மட்டும் வெளியேறிவிட்டார்.

"அம்மா, இந்த அங்கி என் குருநாதர் அணிவித்தது. இதைக் களைந்தால் தேக்கத்துக்கே ஆபத்து. அணை உடையும்!"

கூட்டத்தில் பலர் அணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அது உடைவதாகத் தெரியவில்லை.

"என்னம்மா நீ, சாமியைச் சட்டையைக் கழட்டச் சொல்றே?" என்று ஒருவர் சீறினார். "இவளை முதல்ல தண்ணியில போடுங்க!" என்றார் இன்னொருவர். பக்தியில் எப்போதும் அன்புதான் வழியும் என்று இல்லை.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் பார்கவி பணிவாக. "அங்கி வேண்டாம், இருக்கட்டுங்க. அதுக்குப் பதிலா ஒரு குடம் அபிஷேகம் பண்ணிக்கறோம். இதே தேக்கத்துத் தண்ணிதான். வருணனுக்கு வேண்டியவரு, வருணனையே ஊத்துனா என்னங்க தப்பு?"

இதில் யாரால் குறை காண முடியும்? "ஆமா, அபிஷேகம்!" என்று பெண்கள் பக்கம் எழுந்தது. "அபிஷேகம்! அபிஷேகம்!" குடங்கள் எங்கிருந்தோ முளைத்தன. தமிழர்கள் கூடுகிற இடத்தில் இருக்கைக்குப் பஞ்சம் வரலாம், குடத்துக்கு வராது.

"வேண்டாம்! கூடாது! நேரம் சரியில்லை!" என்று சுவாமிகள் பின்வாங்கினார். "தண்ணீர் என்மேல்…"

"சாமி, எங்களுக்காக சாமி," என்று கண்ணீரோடு முன்னால் வந்தவள் சாவித்ரி. அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனால்தான் அவளை ஒருவரும் தடுக்கவில்லை. நிறைகுடத்தைத் தூக்கி அவர் தோள்மேல் அப்படியே கவிழ்த்தாள்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. நீர் சொட்டியது. சுவாமிகள் கண்ணை மூடினார். அவர் வாழ்க்கையில் உண்மையாகச் செய்த முதல் பிரார்த்தனை அதுவாகத்தான் இருக்கும்.

டப்! புஸ்ஸ்ஸ்!

மார்பு உப்பியது. தோள் உப்பியது. கழுத்தைச் சுற்றி ஏதோ ஒன்று எழுந்து, இரண்டு கன்னத்தையும் நெருக்கி, வாயை மீன்வாய்போல் குவித்தது. உருத்திராட்ச மாலை அறுந்து பலகையெல்லாம் உருண்டது. அங்கியின் தையல் விட்டது. தைத்த இடத்தில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஒரு விசில் நூலோடு வெளியே குதித்துத் தொங்கியது. தோள்பட்டையில் ஒரு குட்டி விளக்கு, பக், பக், பக் என்று சிமிட்டத் தொடங்கியது.

முன்வரிசையில் ஐந்தாறு பேர் தடாலென்று காலில் விழுந்தார்கள்.

"பிராணசக்தி!" என்று கோகுல்நாத் ஒலிபெருக்கியில் அலறினார். "கரையிலேயே பிராணசக்தி! ஜோதி தெரியுது பாருங்க!"

பார்கவி அங்கியை இரண்டு கையாலும் பிரித்தாள்.

"பிராணசக்திக்கு பக்கிள் எதுக்குங்க கோகுல்?"

ஆரஞ்சு ஜாக்கெட். இடுப்பில் பட்டை. பட்டையில் கொக்கி. அடியில் ஓர் எஃகு உருளை. அவள் அதைத் திருகி எடுத்து, சாவித்ரியின் கையில் வைத்தாள். முனையில் புத்தம் புதிதாக ஒரு துளை.

"இந்தாங்க்கா. இன்னொரு கண்ணு. இதுக்கு ஏலம் இல்ல."

சாவித்ரி அதைப் பார்த்தாள். வழக்கம்போலக் கண்ணில் நீர் வந்தது. ஆனால் இந்தத் தடவை அந்த நீர் கொஞ்சம் சூடாக இருந்தது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன்டா," என்றாள். 'சாமி' போய் 'டா' வந்துவிட்டது. "என் பையனையும் ரெண்டாவதா எழுதி வெச்சிருந்தேனே. அவனுக்கும் இதுமாதிரி ஒண்ணு உள்ள மாட்டி விட்டிருப்பியாடா?"

சுவாமிகள் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பின்னால் ஓர் அடி வைத்தார். அங்கே பலகை முடிந்துவிட்டது.

தொபீர்!

நியாயமாகப் பார்த்தால் அவர் பயப்படவேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தேக்கத்தில் அன்று அவரைவிடப் பத்திரமான மனிதர் கிடையாது. ஜாக்கெட் அவரை ராஜாபோல் மல்லாத்தி வைத்திருந்தது. விளக்குகூட எரிந்தது. ஆனாலும் சுவாமிகள் கையைக் காலை உதைத்து அலறினார்.

"ஐயோ! காப்பாத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது! ஜம்பு! டேய் ஜம்பு!"

"அரே, கயிறு கட்டியிருக்கீங்கள்ல சாமி?" என்று கரையிலிருந்து கேட்டான் ஜம்பு. கயிற்று விற்பனை இனி இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கும் பகுத்தறிவு வந்துவிட்டது.

யாரோ மிதவை வளையத்தை எடுக்கப் போனார். பாதிவழியில் நின்றார். "பூஜையில வெச்சதை எடுக்கலாமா?" என்றார். சத்தியமாக, அப்போதும் கேட்டார்.

ஹரீஷ்தான் மேடைமேல் ஏறினான். வளையத்தின் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு அதை ஜம்புவிடம் வீசினான். பிறகு அங்கேயே நின்றான். வரிசையில் கடைசியாக இருந்த சின்ன ஜாக்கெட்டை எடுத்தான். அதன் நெஞ்சில் அப்பியிருந்த சந்தனத்தைத் தன் சட்டையால் துடைத்தான். இறங்கி வந்து ஹர்ஷாவுக்குப் போட்டு, முதல் கொக்கி, இரண்டாவது கொக்கி, கால்பட்டை என்று ஒவ்வொன்றாக மாட்டினான்.

"டைட்டா இருக்குப்பா," என்றாள் ஹர்ஷா.

"இருக்கட்டும்," என்றான் ஹரீஷ். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தான்.

பார்கவி சொல்லவேண்டியதையெல்லாம் ஒரு குடம் தண்ணீர் சொல்லிவிட்டிருந்தது.

சுவாமிகளைக் கரைக்கு இழுத்தார்கள். போலீஸ் வந்தது. ஜீப்பில் அவர் ஏறும்போதும் அந்தத் தோள் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஜீப்புக்குத் தனியாக சைரன் விளக்கு வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. "எனக்கு அப்பவே தெரியும்," என்று சொன்னவர்களின் எண்ணிக்கை, காலையில் காலில் விழுந்தவர்களைவிட அதிகம்.

கோகுல்நாத் மட்டும் படகுத்துறையில் தன் மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆனா பார்கவி, ஒண்ணு சொல்லு. அவர் மிதந்தது உண்மைதானே?"

"உண்மைதாங்க. ஜாக்கெட் போட்டவன் மிதப்பான். அதைத்தான் நான் மொத நாள்ல இருந்து சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப இந்தக் கயிறு?"

"நல்ல கயிறுதான். உங்க ஜாக்கெட்ல விசிலக் கட்டித் தொங்கவிட ஆவும்."

அவர் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்றுதான் பார்கவி நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கார் நிறுத்துமிடத்தில் ஜம்பு அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சாகண் பக்கம் ஒரு பாபா வந்திருக்கிறாராம். ஸ்டியரிங்கில் அவர் மந்திரித்த தாயத்தைக் கட்டினால் சாலையில் விபத்தே கிடையாதாம். சீட் பெல்ட்டே வேண்டாமாம். கோகுல்நாத் போனை எடுத்து வழியைக் குறித்துக்கொண்டிருந்தார்.

போகட்டும். நீங்களும் போவதென்றால் போங்கள். யார் காலில் வேண்டுமானாலும் விழுங்கள். ஆனால் எழுந்திருக்கும்போது தலையைக் கொஞ்சம் தூக்கி, அந்த பாபா திரும்பிப் போகிற காரின் கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று.